கால் பங்குக்கு மேல்

வங்கி எங்களை மெல்லக் கடித்துக்கொண்டிருந்தது.
நார்வேக்குப் பணம் போகும் ஒவ்வொரு முறையும்
நூறு பவுண்டுக்கு மூன்று,
ரசீதில் எங்கும் எழுதாமல்.
ட்ரோம்சோவில் காட் மீன் பெட்டிக்கு விலை குரோனரில்.
கிரிம்ஸ்பியில் நான் விற்பது பவுண்டில்.
நடுவே ஒரு கடல்.
கடலைவிட அகலமாய் ஒரு விகிதம்.

அதனால் செவ்வாய்க்கிழமை, ஏலம் முடிந்ததும்,
ஒரு கையுறையை மட்டும் கழற்றிவிட்டு
கணினி முன் உட்கார்ந்தேன்:
உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனம்,
தொழில் கணக்கு, புதியது.

முதலில் ஆணையத்தின் பதிவேட்டில் அவர்களைத் தேடினேன்.
எண் சரி. பெயர் சரி.
வாடிக்கையாளர் பணத்தைத் தனியே வைப்பவர்கள்.
நான் உங்களைச் சோதித்தாயிற்று,
இனி நீங்கள் சோதியுங்கள் என்றேன் திரையிடம்.

சோதித்தார்கள்.
பாஸ்போர்ட். மூன்று மாதத்துக்குட்பட்ட மின் ரசீது.
முகத்தை இடப்பக்கம் திருப்புங்கள், வலப்பக்கம்,
கண் சிமிட்டுங்கள்.
கன்னத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்ததைப்
படத்தில்தான் பார்த்தேன்.
ஆண்டுக்கு எவ்வளவு அனுப்புவீர்கள்?
ஏன் குரோனர்?
மீன்கள் அங்கேதான் இருக்கின்றன, என்று எழுதினேன்.

அடுத்த பக்கம்:
நிறுவனத்தில் கால் பங்குக்கு மேல் வைத்திருப்போர்
அனைவரின் பெயரும்.

நீல் பிரெட்டன். முப்பது விழுக்காடு.
குளிர்சாதன லாரி வழியில் நின்று
ஒன்பது டன் உருகி நாறிய ஆகஸ்டில்
நான் அவனைச் சொன்னேன், அவன் என்னைச் சொன்னான்.
ஆறு வருடம்.
ஆண்டறிக்கையில் மட்டும் எங்கள் பெயர்கள்
ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருந்தன,
பேசாத தம்பதிபோல.

எனக்கு நூறு, என்று அடித்தேன்.
அழித்தேன்.
கேட்பதே நாணயத்தைப் பற்றி.

லீட்ஸிலிருந்து ஃப்ரேயா என்ற பெண் அழைத்தாள்.
குரல் இருபத்தைந்து வயது, பொறுமை அறுபது.
"அவருடைய அடையாளமும் வேண்டும், திருமதி ஓட்லிங்.
அவர் இல்லாமல் முடியாது."
முடியும் என்றுதானம்மா ஆறு வருடம் நினைத்தேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

"யார் செத்தது?" என்றான் எடுத்ததும்.
"யாருமில்லை. உன் பாஸ்போர்ட் வேண்டும்."
அவன் பக்கம் கடற்பறவைகள் கத்தின.
"காலாவதி."
"ஓட்டுநர் உரிமம்?"
"இருக்கு."

வந்த படத்தில் பாதி அவன் கட்டைவிரல்.
கத்தி நழுவிய தழும்பு,
நான்தான் துணி சுற்றினேன் அன்றைக்கு.
நான்கு மூலையும் தெரியவில்லை என்று
நிறுவனம் திருப்பி அனுப்பியது.
மறுபடி அழைத்தேன்.
மறுபடி மங்கல். மறுபடி.
நான்காம் முறை அவனே கேட்டான்:
"காட் இப்போ என்ன விலை?"
சொன்னேன்.
விசில் அடித்தான். "கொள்ளை."
"அதுக்குத்தானே இந்தப் பாடு" என்றேன்.

முகவரிக்குச் சான்றாக
நகர மன்ற வரி ரசீதை அனுப்பினான். விட்பி.
மூன்றாவது வரியில்:
தனியாக வசிப்பவருக்கான தள்ளுபடி, கால் பங்கு.

ஜேனிஸ் எங்கே என்று நான் கேட்கவில்லை.
கோப்பைப் பெயர் மாற்றிச் சேமித்தேன்,
அவர்கள் கேட்ட இடத்தில் ஏற்றினேன்,
பச்சையாய் ஒரு குறி விழுந்தது.

வெள்ளி மதியம் கணக்கு திறந்தது.
முதல் தவணை போனது, பன்னிரண்டாயிரம் பவுண்டு,
கட்டணம் இவ்வளவு என்று தனி வரியில் காட்டி.
ட்ரோம்சோவிலிருந்து சிக்ரிட் ஒரு சொல்லில் பதில் போட்டாள்:
வந்தது.

சனிக்கிழமை சந்தை மூடியிருக்கும்.
விகிதம் அசையாது, தெரியும்.
ஆனாலும் இரண்டு முறை பார்த்தேன்.
பிறகு, எந்தக் காகிதமும் தேவைப்படாத ஒரு மாலையில்,
அவன் எண்ணை அழுத்தினேன்.
மணி அடித்தது.
இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.